நடுத்தண்ணீரில் ஒரு நிமிடம்

மூன்று கடல்களில் என் மனைவி சாரதாவின் மாஸ்க்கை உதைத்துக் கழற்றியிருக்கிறேன். மூன்றுமே தற்செயல். மூன்றாவது முறை லட்சத்தீவில். படகில் ஏறி, மூக்கில் ஏறிய உப்புத்தண்ணீரைச் சிந்திவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னாள்: "நீங்க மிதக்கக் கத்துக்கிட்டு வாங்க. அதுவரைக்கும் உங்களோட நான் தண்ணிக்குள்ள இறங்கறதா இல்லை."

கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன்.

முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டி மூழ்கும் ஸ்கூபாவில் மிதப்பது என்றால் தண்ணீருக்கு மேலே மிதப்பதல்ல. மேலேயும் போகாமல், தரையிலும் இடிக்காமல், நடுத்தண்ணீரில் இருந்த இடத்திலேயே நிற்பது. மீன்கள் இதைப் பிறவியிலேயே செய்கின்றன. சாரதா இரண்டாம் நாளே செய்தாள். நான் மட்டும் ஒன்று மேலே போவேன், அல்லது கீழே விழுந்து மணலைக் கிளப்புவேன். இரண்டுக்கும் இடையில் அகப்பட்டதை உதைப்பேன்.

ஓய்வு பெற்றபின் ஸ்கூபா பழகியவர்கள் நாங்கள். யோசனை அவளுடையது. வங்கியில் கடைசி நாள் பூமாலை வாங்கி, மாலையோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவள், "யாருமே பேசாத ஒரு இடத்துக்குப் போகணும்" என்றாள். ஏதோ தியான மடத்தைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் கடலுக்கு அடியைப் பார்த்து வைத்திருந்தாள். நான் வானொலியில் முப்பது வருடம் செய்தி வாசித்தவன். அவள் சொன்னதில் எனக்குச் சம்பந்தம் இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

கடலுக்குள் துணையில்லாமல் இறங்கக்கூடாது என்பது ஸ்கூபாவில் சட்டம். சாரதா சட்டத்தை மதிப்பவள். எங்கள் குழுவில் இருந்த ஓய்வுபெற்ற கர்னல் ஒருவரைத் துணையாகப் பேசி வைத்துக்கொண்டாள். ஜனவரியில் மாலத்தீவு. "கர்னல் தண்ணிக்குள்ள சிலை மாதிரி நிப்பார்" என்றாள். மனைவியை இன்னொருவர் சிலை மாதிரி பார்த்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். உண்மையில் பயமாக இருந்தது. அவள் என்னைவிட்டுப் போய்விடுவாள் என்றல்ல. அவளுக்குப் பிடித்த ஓர் இடத்தில் நான் இல்லாமலேயே அவள் நிம்மதியாக இருப்பாள் என்று.

மிதப்பதற்கென்றே ஒரு தனிப்பயிற்சி இருப்பது அப்போதுதான் தெரிந்தது. ஆகஸ்டில் இலங்கையின் மட்டக்களப்புப் பக்கம் கடல் குளம்போல் இருக்கும் என்று ஒருவர் சொன்னார். கிளம்பினேன். சாரதாவின் நிபந்தனை ஒன்றுதான்: "சான்றிதழ் வேண்டாம். அதை யார் வேணா குடுப்பாங்க. கை காலை ஆட்டாம ஒரு நிமிஷம் நிக்கிற வீடியோ அனுப்புங்க."

பயிற்சி பாசிக்குடாக் கடலிலும் தங்குமிடம் வேறிடத்திலுமாக அமைந்துவிட்டது. எப்படி என்பதைச் சொல்வதாக இல்லை. மட்டக்களப்பு நகரத்தில், வாவி என்று அவர்கள் சொல்லும் உப்பங்கழியைப் பார்த்த வீடு. வீட்டுக்காரி தவமணி அக்கா. என்னைவிட இரண்டொரு வயது இளையவராக இருக்கலாம், ஆனால் ஊரே அக்கா என்பதால் நானும் அக்கா என்றேன். வாசலில் நின்று, "வணக்கம், திருச்சியிலிருந்து வருகிறேன்" என்றதும் அவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"உங்கட குரல் தெரியும். ரேடியோவில நியூஸ் வாசிச்சவர்தானே?"

கடல் கடந்து புகழ் பரவியிருக்கிறது என்று நெஞ்சு விரிந்தது.

"எங்கட அப்பா இந்தியச் செய்தி கேக்காமச் சாப்பிட மாட்டார். உங்கட குரல் வந்தா அம்மா சோத்துப் பானையத் திறப்பா. எனக்கு இப்பவும் உங்கட குரலக் கேக்கப் பசிக்கிது. வாங்க, சாப்பிடுவம்."

அதன்பின் அந்த வீட்டில் நான் எப்போது வாயைத் திறந்தாலும் சாப்பாடு வந்தது. போன உடன் நண்டுக்கறி. குளியலறை எங்கே என்று கேட்டதற்கு எருமைத் தயிரும் வாழைப்பழமும். எதற்கு வந்திருக்கிறேன் என்று விளக்கியபோது புட்டு. மனைவியின் நிபந்தனையோடு விளக்கம் முடிந்ததும், "மிதக்கிறதுக்கு ஒரு படிப்பா?" என்றார். பிறகு, "மனிசிக்காகவா? அப்பச் சரி. படிங்க" என்று இன்னொரு அகப்பை வைத்தார்.

முதல் நாள் காலை வாழைச்சேனை பஸ் ஏறினேன். கிரான் என்ற ஊருக்குப் பக்கத்தில் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கி மருதமர நிழலில் நின்றார்கள். யாரும் ஓட்டுநரைத் திட்டவில்லை. திருச்சியாக இருந்தால் டயரைக் கழற்றுமுன் அவருடைய மூன்று தலைமுறையை விசாரித்து முடித்திருப்போம். இங்கே ஒருவர் கச்சான் பொட்டலத்தைப் பிரித்து எல்லோருக்கும் நீட்டினார். கச்சான் என்றால் நிலக்கடலை. வட்டைக்குப் போகிறவர், அதாவது வயலுக்கு. காலடியில் ஒரு சாக்கு இருந்தது.

"எங்க போறீங்க?" என்றார். சொன்னேன்.

"அப்ப தாழவும் கூடா, மிதக்கவும் கூடா."

"ஆமாம். நடுவில் நிற்க வேண்டும்."

அவர் கச்சானை மென்றுகொண்டே யோசித்தார். "நாங்க விதைநெல்லத் தண்ணியில போட்டுத்தான் பாப்பம். நல்ல நெல்லு தாழும். பதர் மிதக்கும். நடுவுல நிக்கிறது எங்கட ஊரில கிடையா." பக்கத்தில் நின்ற பெண்மணி, "அது எந்த வகையிலயும் சேராத நெல்லு" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்காக உண்மையாகவே கவலைப்பட்டார்கள்.

பாசிக்குடாவில் ஜெகன் காத்திருந்தார். பயிற்சியாளர். முப்பத்தைந்து வயது இருக்கும். மாலத்தீவில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். கர்னலும் சாரதாவும் நிற்கப்போகும் அதே தண்ணீரில் இவர் நின்றிருக்கிறார் என்பது எனக்கு ஏனோ பிடிக்கவில்லை. என்னுடன் படிக்க இன்னும் ஒரு மாணவி, பெல்ஜியத்துப் பெண்.

பாசிக்குடாக் கடலில் மூழ்குவதற்கு உழைக்க வேண்டும். முதுகில் சிலிண்டரோடு நடக்கிறோம், நடக்கிறோம், தண்ணீர் முழங்காலைத் தாண்டமாட்டேன் என்கிறது. உள்ளூர்க் குடும்பம் ஒன்று கடலுக்கு நடுவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது. அவர்களைச் சுற்றிக்கொண்டு போனோம்.

"எவ்வளவு ஈயம் கட்டுவீங்க, சேர்?" என்றார் ஜெகன். உடம்பு மிதக்காமல் இருக்க இடுப்பில் ஈயக்கட்டிகள் கட்டுவது வழக்கம்.

"பத்துக் கிலோ."

"பத்தா? ஏன்?"

"ஒரு பாதுகாப்புக்கு."

அவர் கட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார். பாதி போனதும் எனக்கு ஆடையைக் கழற்றுவதுபோல் கூச்சமாக இருந்தது. "இனி மூச்சாலதான் நிக்க வேணும். இழுத்தா கொஞ்சம் ஏறுவீங்க, விட்டா கொஞ்சம் இறங்குவீங்க. அவ்வளவுதான் படிப்பு." பெல்ஜியத்துப் பெண் அதைக் கேட்டாள், தலையாட்டினாள், உள்ளே போய்ச் சம்மணமிட்டு அந்தரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் பாடம் அன்றே முடிந்தது. மீதி நாட்கள் அவள் மீன் பார்த்தாள்.

நான் ஏறினேன். பிறகு இறங்கினேன். ஏற்றம் இறைப்பவர்களுக்காவது கடைசியில் தண்ணீர் கிடைக்கும்.

இரண்டாம் நாளும் அதே. ஜெகன் கேமராவோடு என் எதிரே நின்றார். கரையில் அதைப் போட்டுக் காட்டினார். முதலில் என் முகம். பிறகு மார்பு. பிறகு முழங்கால். பிறகு வெறும் தண்ணீர். கொஞ்ச நேரம் கழித்து மேலிருந்து என் கால்கள் வந்தன, மணல் கிளம்பியது, ஒன்றும் தெரியவில்லை.

"இத அனுப்ப ஏலா, சேர்" என்றார் வருத்தத்தோடு. "மேல போறீங்க, மறுகா கீழ வாறீங்க. நடுவுல நிக்கிறீங்க இல்லயே. நீங்க எப்பவும் ஏதோ சொல்லப்போற ஆள் மாதிரி நெஞ்சு நிறைய இழுத்து வச்சிருக்கீங்க. என்ன வேலை செஞ்சீங்க?"

சொன்னேன். செய்தி அறையில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. அது எரியப்போகும் நேரத்தில் நெஞ்சு முட்ட மூச்சை இழுத்துவைத்துக் காத்திருப்போம். எரிந்ததும் தொடங்கி, பிரதமரில் ஆரம்பித்து மாநிலங்களவை வழியாக ஒரே மூச்சில் வினைமுற்றுக்கு வந்து சேர்வோம். நடுவில் மூச்சு வாங்கினால் அவமானம். முப்பது வருடம் சோறு போட்ட பழக்கம்.

ஜெகன் தலையைச் சொறிந்தார். "அப்ப உங்களுக்குத் தண்ணிக்குள்ளயும் லைட் எரியிது போல."

அன்று மாலை சாரதாவுக்கு போன் செய்து எல்லாவற்றையும் விளக்கினேன். ஈயம், மணல், சிவப்பு விளக்கு, பெல்ஜியம். அவள் இடையிடையே "ம்" என்றாள். மூச்சு வாங்க நிறுத்தியபோது, "கர்னல் புது ஃபின் வாங்கியிருக்கார்" என்றாள். ஃபின் என்பது நீந்தும்போது காலில் மாட்டுகிற துடுப்பு. நல்ல ஃபின் எப்படி இருக்க வேண்டும் என்பதை விளக்கத் தொடங்கினேன். அவள் வேறு ஏதோ சொல்ல வந்ததுபோல் இருந்தது. பிறகு தூக்கம் வருகிறது என்றாள். இன்னும் பொழுதே அடங்கவில்லை. இங்கே தவமணி அக்கா சாப்பிடக் கூப்பிட்டார்.

மூன்றாம் நாள் கச்சான் காற்று. அது கடலை அல்ல, மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டு ஊர் நிம்மதியாக இருக்கிறது. கடலில் இறங்க முடியாது என்று ஜெகன் சொல்லிவிட்டார். "இண்டைக்கு மூச்சு மட்டும் பழகுங்க. அரை நெஞ்சுக்கு இழுங்க, அரை நெஞ்சுக்கு விடுங்க."

நல்ல கொத்துரொட்டி ஓட்டமாவடியில் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு ஓர் ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் நௌபர், ஏறாவூர்க்காரர். பின்சீட்டில் கண்ணை மூடி அரை நெஞ்சு பழகினேன். கொஞ்ச நேரத்தில் ஆட்டோ வேகமெடுத்தது. கொத்துரொட்டிக்கு இவ்வளவு அவசரமா என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தபோது ஓர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தோம். நௌபர் ஏற்கெனவே இறங்கி ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"பயப்படாதீங்க அண்ணன். எங்கட மாமாவுக்கும் இப்பிடித்தான் மூச்சு வந்திச்சி."

"மாமா எப்படி இருக்கிறார்?"

"மவுத்தாப் போயிட்டார்."

எனக்கு ஒன்றுமில்லை, இது பயிற்சி என்று சொன்னேன். இறந்துபோன மாமாவும் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னாராம். வெளியே வந்த தாதி ஒருவர் நாடியைப் பிடித்துப் பார்த்து, வாயை மூடிக்கொண்டு சும்மா இருக்கச் சொன்னார். சும்மா இருந்தேன். "இப்ப நல்லா இரிக்காரே" என்றார் நௌபரிடம். ஓட்டமாவடியில் கொத்துரொட்டிக்குக் காசு கொடுக்க நௌபர் என்னை விடவில்லை. நோயாளியிடம் வாங்கக்கூடாதாம். தட்டில் கரண்டியைப் போட்டபின், "அண்ணன், கேக்கிறேன் எண்டு குறை நினைக்காதீங்க. ஒங்கட ஊருல கடல் இல்லயா?" என்றார்.

திருச்சியில் கடல் இல்லை.

நான்காம் நாள் கடைசி நாள். காற்று அடங்கியிருந்தது. ஜெகன் எங்களை மாங்கேணிப் பக்கம் கூட்டிப்போனார். மீன்பிடிக் கிராமம். கரையில் வலை காயவைத்திருந்தவர்கள் எங்கள் ஃபின்களைக் காலில் மாட்டி நடந்து பார்த்தார்கள். படகுக்காரர் ஜெகனிடம், "இந்த ஐயாவா நாலு நாளா நிக்க ஏலாமக் கிடக்கார்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டது எனக்கு நன்றாகக் கேட்டது. என் புகழ் இங்கேயும் பரவியிருந்தது.

"இது கடைசி, சேர்" என்றார் ஜெகன். "கீழ முருகைக்கல்லு. விழுந்தீங்கண்டா அது உடையும், மறுகா அது வளர எங்கட காலம் காணா." சாரதாவும் இதையேதான் சொல்வாள். பவளப்பாறை மேல் நான் விழும்போதெல்லாம் அவள் முதலில் பாறையைத்தான் பார்ப்பாள்.

இறங்கினோம். வெளிச்சமான தண்ணீர். கீழே பாறை மஞ்சளும் பழுப்புமாகக் கிடந்தது. ஜெகன் கேமராவைத் தூக்கினார். நான் வழக்கம்போல் நெஞ்சை நிரப்பினேன். வழக்கம்போல் ஏறத் தொடங்கினேன். அவர் கையால் இறங்கு என்று காட்டினார். மிதவைச் சட்டையிலிருந்த காற்றை விட்டேன், இறங்கினேன், பாறைக்கு ஒரு முழம் முன்னால் உதைத்து நின்றேன். மறுபடியும் முதலிலிருந்து. ஜெகன் கேமராவைக் கீழே இறக்கிவிட்டார். பெல்ஜியத்துப் பெண் தள்ளி நின்று ஒரு கிளிமீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்காததுபோல் நடிக்கிறாள் என்று தெரிந்தது.

முடிந்தது, இனி கர்னல்தான் என்று நினைத்தேன். அழுகை வந்தது. மாஸ்க்குக்குள் அழுவதில் ஒரு வசதி, யாருக்கும் தெரியாது. ஒரு தொந்தரவு, துடைக்க முடியாது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் என் காதில்தான் ஏதோ என்று நினைத்தேன். சடசடவென்று, எண்ணெயில் கடுகு பொரிவதுபோல். நிற்கவே இல்லை. எங்கிருந்து வருகிறது என்றும் தெரியவில்லை. இரண்டு நிலையங்களுக்கு நடுவில் அகப்பட்ட பழைய ரேடியோ இப்படித்தான் இரையும். முப்பது வருடம் அந்த இரைச்சலுக்கு எதிராகத் தொண்டையைக் கட்டிக் காப்பாற்றியவன் நான். அதை உட்கார்ந்து கேட்டதில்லை. பாறை இடுக்கில் ஏதோ செய்கிறது. அங்கே ஒன்று, இங்கே ஒன்று, பிறகு எல்லாம் சேர்ந்து. மீண்டும் ஒன்று தனியாக. மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள், கேட்டீர்களா என்று கேட்கிறார்கள். இது பாட்டில்லை. ஆனால் ஓயாத பேச்சு. சாரதா இத்தனை நாளும் கீழே வந்து கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான் என்று எனக்குத் திடீரென்று விளங்கியது. யாரும் பேசாத இடத்தை அவள் தேடவில்லை. நான் பேசாத இடத்தைத் தேடியிருக்கிறாள்.

இன்னும் நன்றாகக் கேட்க, அசையாமல் இருந்தேன்.

ஜெகன் தோளைத் தட்டியபோது திடுக்கிட்டு நெஞ்சு நிறைய இழுத்தேன், ஜிவ்வென்று மேலே போனேன். அவர் என் காலைப் பிடித்து இழுத்துவைத்துக்கொண்டு கேமராவைச் சுட்டிக்காட்டினார்.

படகில் போட்டுப் பார்த்தோம். தொப்பை வைத்த ஓர் ஆள் நடுத்தண்ணீரில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. மீன்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போகின்றன. ஒரு நிமிடத்துக்கும் மேலே. "எப்பிடி சேர் செஞ்சீங்க?" என்றார் ஜெகன். அந்தச் சத்தம் என்னவென்று கேட்டேன். "அதுவா? றாலு. சின்னச் சின்ன றாலு, கொடுக்கால அடிக்கும். இறங்கின நாளெல்லாம் கேட்டதுதானே?"

அந்த இறால்களை அன்று வரை நான் கேட்கவில்லை.

இந்தப் பயிற்சி அவசியமா என்று இனி யாராவது கேட்கக்கூடும் என்பதால் சொல்லிவிடுகிறேன். பெல்ஜியத்துப் பெண்ணுக்கு அவசியமே இல்லை. வயலுக்குப் போகிறவர்களுக்கும் இல்லை. ஈயத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும், மூச்சை அடக்கக்கூடாது, இவ்வளவுதான் விஷயம். அடிப்படைப் பாடத்திலேயே சொல்லியிருந்தார்கள். அதை வைத்துப் பார்த்தால் வீண். நான் ஒருவன்தான் மறுபடியும் போவேன்.

வீடியோவை ஜெகனே சாரதாவுக்கு அனுப்பிவைத்தார். நான் வாவியோரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பொழுது சாய்ந்து, கல்லடிப் பாலத்தில் விளக்குகள் வந்துகொண்டிருந்தன. போன் அடித்தது. எடுத்தேன். சொல்ல எவ்வளவோ இருந்தது. படகுக்காரர், நௌபர், சக்கர நாற்காலி, றால். நெஞ்சு தானாக நிரம்பியது. விளக்கு எரியக் காத்திருந்தது.

பாதியை வெளியே விட்டேன். "சொல்லு" என்றேன்.

அவள் மெல்லத் தொடங்கினாள். அவள் தங்கையின் முழங்கால் வலி. மாடிவீட்டுக்காரர்கள் காலி செய்கிறார்கள். மல்லிகைச் செடியில் பூச்சி. லட்சத்தீவில் மாஸ்க் கழன்றபோது ஒரு கணம் எது மேல், எது கீழ் என்றே தெரியாமல் போய், அவள் பயந்தது. அந்தப் பயம் இரண்டு மாதம் தூக்கத்தில் வந்தது. இதை அவள் என்னிடம் சொல்லவே இல்லை. இல்லை, சொல்ல வந்திருப்பாள். அதற்கும் நான் பேசவில்லை. பேசினால் நான் எவ்வளவு வருத்தப்பட்டேன் என்பதை விளக்கத் தொடங்கிவிடுவேன்.

நடுவில் நிறுத்தினாள். "ஹலோ? லைன் கட் ஆயிடுச்சா?"

"இல்லை. கேட்டுக்கிட்டிருக்கேன்."

அவள் மூச்சு மட்டும் வந்தது, போனது.

"கர்னல்கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றாள். "ஜனவரிக்கு நீங்க வாங்க." பிறகு மல்லிகைப் பூச்சிக்குத் திரும்பினாள்.

அவள் பேசி முடித்தபோது நன்றாக இருட்டிவிட்டது. வீட்டுக்குள் போனேன். மேசையில் ஒன்றும் இல்லை, அடுப்பங்கரை விளக்கும் எரியவில்லை. தவமணி அக்கா முன்னறையில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"எப்ப வந்தீங்க? நீங்க இன்னும் வரல்ல எண்டு நினைச்சுச் சோறு வைக்காம இருந்திட்டன். ஒரு சத்தமும் கேக்கல்லயே."